லாரி கிளம்பும் முன், சாமான் சிக்கிய பின்: வெளிமாநிலத்துக்கு வீடு மாற்றுவோருக்கு முழுமையான வழிகாட்டி

2022 மே மாதம் வேளச்சேரியில் ஏற்றிய எங்கள் வீட்டுச் சாமான் நேராகப் புனே போய்ச் சேரவில்லை. ஓசூர் தாண்டி ஒரு குடோனில் ஒன்பது நாள் கிடந்தது. பேசிய தொகை 26,000 ரூபாய். அதில் 20,000 ஏற்றும்போதே கொடுத்தாயிற்று. ஐந்தாம் நாள் போன் வந்தது: "சார், சாமான் சொன்னதைவிட அதிகமா இருக்கு. இன்னொரு 19,000 போட்டாதான் வண்டி நகரும்." என் கையில் இருந்தது வாட்ஸ்அப்பில் வந்த கொட்டேஷன் படம் ஒன்றுதான்.

அதற்குப் பிறகு அலுவலகத்திலும் சொந்தத்திலும் ஏழெட்டுப் பேர் ஊர் மாறும்போது கூட நின்றிருக்கிறேன். எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் வழுக்கினார்கள். அந்த வரிசையில் இதை எழுதியிருக்கிறேன். ஏற்கெனவே உங்கள் சாமான் சிக்கியிருந்தால் நேராக 9-ஆம் பகுதிக்குப் போங்கள். மற்றதைப் பிறகு படிக்கலாம்.

1. பேசுகிறவர் வேறு, ஏற்றுகிறவர் வேறு, ஓட்டுகிறவர் வேறு

இணையத்தில் ஒரு தளத்தில் நம்பரைப் பதிந்த ஐந்தாவது நிமிடம் நாலைந்து போன் வரும். பேசுகிறவர்களில் பலரிடம் லாரி கிடையாது. அவர்கள் கமிஷன் ஏஜென்ட்கள். பேக்கிங்குக்குக் கூலி ஆள், ஊருக்குள் ஒரு குட்டி யானை, நெடுந்தூரத்துக்கு வேறு ஒருவருடைய லாரி என்று பிரித்துக் கொடுப்பார்கள். பிரச்சினை வந்ததும் மூவரும் மற்ற இருவரைக் கை காட்டுவார்கள்.

ஏமாற்று மூன்று வகை. டோக்கன் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு போனை அணைப்பது ஒன்று. சாமானை ஏற்றிவிட்டு வழியில் நிறுத்திப் பணம் கேட்பது இரண்டு. வாசலில் வந்து நின்று "மாடிக் கூலி, டோல், டேக்ஸ்" என்று ஐயாயிரம் பத்தாயிரம் கறப்பது மூன்று. நான் பார்த்தவற்றில் மூன்றாவதுதான் அதிகம். இரண்டாவதுதான் தூக்கத்தைக் கெடுக்கும். இரண்டிலும் அவர்களுடைய பிடி ஒன்றே: சாமான் அவர்களிடம் இருக்கிறது, அவசரம் உங்களிடம் இருக்கிறது. கீழே சொல்லும் படிகள் எல்லாம் இந்த இரண்டில் ஒன்றைக் குறைப்பதற்கானவை.

2. லாரி பத்து நாள் வராது என்று நினைத்துப் பெட்டி கட்டுங்கள்

அவசரத்தைக் குறைப்பதுதான் முதல் வேலை, ஏனென்றால் இதற்கு யாருடைய தயவும் வேண்டாம். பத்து நாளுக்கான துணி, இரண்டு பாத்திரம், ஒரு மின் அடுப்பு, மருந்து, மடிக்கணினி எல்லாம் உங்களோடு ரயிலிலோ காரிலோ வரட்டும். நகை, பத்திரம், பாஸ்போர்ட், பிள்ளைகளின் டி.சி., மதிப்பெண் சான்றிதழ் எதுவும் லாரியில் ஏறக் கூடாது. ஒரு நண்பர் மகளின் டி.சி.யைப் புத்தகப் பெட்டியில் போட்டுவிட்டார். பள்ளியில் சேர்க்கக் கடைசி நாள் நெருங்க நெருங்க, அந்த ஒரு காகிதத்துக்காகவே கேட்டதைக் கொடுத்து மீட்டார்.

பால் காய்ச்சும் நாளை லாரி வரும் நாளோடு முடிச்சுப் போடாதீர்கள். அதற்குத் தேவை ஒரு பாத்திரமும் ஒரு சாமி படமும்தான். கையில் எடுத்துப் போய்விடலாம். அந்தத் தேதியை ஏஜென்ட்டிடம் சொல்லவும் வேண்டாம். "வெள்ளிக்கிழமை முகூர்த்தம் சார், எப்படியாவது" என்று நீங்கள் கெஞ்சும்போதே உங்கள் விலை அவருக்குத் தெரிந்துவிடும்.

மே மாதமும் மாதக் கடைசி நாள்களும் கூட்டம். பெரிய நிறுவனங்களில் வண்டி கிடைக்காதபோதுதான் மனிதர்கள் முன்பின் தெரியாதவரிடம் போகிறார்கள். முடிந்தால் மாதத்தின் நடுவில் தேதி வையுங்கள்.

3. கையில் இருக்க வேண்டிய பட்டியல்

விலை கேட்கும் முன்பே சாமான் பட்டியல் ஒன்றைப் போடுங்கள். கட்டில், பீரோ, பிரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி (எத்தனை அங்குலம்), ஏ.சி., இருசக்கர வண்டி, தோராயமாக எத்தனை அட்டைப்பெட்டி. பெரிய பொருள்களுக்கு எதிரே இன்றைய மதிப்பு. இரண்டு வீட்டிலும் எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, லாரி வாசல்வரை வருமா என்பதும் அதிலேயே இருக்கட்டும்.

இந்தப் பட்டியலைக் கேட்கிற எல்லோருக்கும் ஒரே மாதிரி அனுப்புங்கள். "சாமான் அதிகமா இருக்கு" என்ற வசனம் எடுபடாமல் போவது இதனால்தான். வீட்டுக்கு ஆள் வந்தோ வீடியோ அழைப்பிலோ பார்க்காமல் "2 பி.எச்.கே.தானே, 18,000" என்று போனிலேயே முடிப்பவரை விட்டுவிடுங்கள். பார்க்காமல் சொன்ன விலையைப் பார்த்த பிறகு மாற்றுவது அவருக்கு மிகச் சுலபம்.

4. அரை மணி நேரச் சோதனை

ஜி.எஸ்.டி. எண்ணைக் கேளுங்கள். 15 இலக்க, எழுத்துகள் கொண்டது. முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகாவுக்கு 29, மகாராஷ்டிராவுக்கு 27. ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தால் சட்டப்பூர்வப் பெயர், பதிவான தேதி, முகவரி, பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதெல்லாம் வரும். "இருபது வருஷ அனுபவம்" என்று சொன்னவரின் பதிவு போன தீபாவளிக்குப் பிறகு வாங்கியதாக இருந்தால், மேலே பேச வேண்டாம்.

அப்புறம் மூன்று பெயர்களை ஒப்பிடுங்கள்: கொட்டேஷனில் உள்ள பெயர், ஜி.எஸ்.டி. தளத்தில் உள்ள பெயர், பணம் அனுப்பச் சொல்லும் வங்கிக் கணக்கின் பெயர். யு.பி.ஐ.யில் ஒரு ரூபாய் அனுப்பப் போனாலே கணக்குக்காரர் பெயர் திரையில் வரும். மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் காரணம் கேளுங்கள். "அது எங்க மேனேஜர் அக்கவுன்ட்" என்பது காரணமல்ல.

புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயரில் ஒரு எழுத்தையோ ஒரு சொல்லையோ சேர்த்துக் கடை விரிப்பது இந்தத் தொழிலில் சர்வசாதாரணம். பெயரைப் பார்த்து நம்பாமல் அந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். "ஐ.பி.ஏ. அங்கீகாரம்" என்று போட்டிருந்தால், அது இந்திய வங்கிகள் சங்கம் பரிந்துரைக்கும் போக்குவரத்து நிறுவனங்களின் பட்டியல். அந்தப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; முத்திரையை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். சாலைவழிப் போக்குவரத்துச் சட்டம் 2007-இன்படி சரக்கு ஏற்றும் பொது நிறுவனங்கள் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணையும் கேளுங்கள். கேட்டதற்கு வரும் குரல் மாற்றமே பாதி விடை.

மதிப்புரைகளில் நட்சத்திரச் சராசரியைப் பார்க்காதீர்கள். ஒரு நட்சத்திரம் போட்டவர்கள் எழுதியதை மட்டும், புதியது முதலாகப் படியுங்கள். "வழியில் எக்ஸ்ட்ரா கேட்டார்கள்" என்று இரண்டு பேர் எழுதியிருந்தால் போதும்.

5. கொட்டேஷனில் எழுதி வாங்க வேண்டியவை

மொத்தத் தொகை மட்டும் போட்ட கொட்டேஷன் குப்பைக்குச் சமம். எந்த வண்டி, எத்தனை அடி, முழு லாரியா அல்லது பலர் சாமானோடு சேர்ந்த பார்ட் லோடா, பேக்கிங் பொருள், கட்டில் கழற்றி மாட்டுவது, ஏற்று கூலி, இறக்கு கூலி, மாடி, டோல், ஜி.எஸ்.டி., சேர வேண்டிய தேதி ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனி வரியாக வர வேண்டும். கடைசியில் ஒரு வாக்கியம்: "இணைத்துள்ள பட்டியலில் உள்ள பொருள்களுக்கு இதற்கு மேல் எந்தத் தொகையும் கேட்கப்படாது." இதை எழுத மறுப்பவர் பின்னால் என்ன செய்யப்போகிறார் என்பதை இப்போதே சொல்லிவிட்டார்.

"டேக்ஸ் எக்ஸ்ட்ரா" என்ற இரண்டு வார்த்தையில் ஏமாந்தவர்கள் பலர். 26,000-க்கு 18 சதவீதம் என்றால் 4,680 ரூபாய். அதுவும் பல நேரம் செல்லாத ஜி.எஸ்.டி. எண் போட்ட பில்லில் வரும். வரியோடு சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.

இன்னும் இரண்டு பழைய தந்திரங்கள் உயிரோடு இருக்கின்றன. ஒன்று ஆக்ட்ராய், நுழைவு வரி. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததோடு அவை போய்விட்டன. மற்றொன்று "இ-வே பில் சார்ஜ்", அதாவது சரக்கு கொண்டுபோக ஜி.எஸ்.டி. முறையில் எடுக்கும் மின்னணுச் சீட்டுக்கான கட்டணம். பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கும் சொந்த உபயோகப் பொருளுக்கும் இ-வே பில் தேவையில்லை என்று ஜி.எஸ்.டி. விதியிலேயே விலக்கு இருக்கிறது. இந்த இரண்டு பெயரில் யார் பணம் கேட்டாலும் அது அவர் பைக்குத்தான் போகிறது.

6. முன்பணம், பாக்கி, இன்சூரன்ஸ்

பதிவு செய்யும்போது ஆயிரம், இரண்டாயிரத்துக்கு மேல் வேண்டாம். ஏற்றி முடித்து ரசீது கைக்கு வந்த பிறகு பாதி. மீதி, சாமான் புது வீட்டுக்குள் வந்து எண்ணிப் பார்த்த பிறகு. பல நிறுவனங்கள் ஏற்றும்போதே முழுப் பணம் கேட்கும். குறைந்தது மூன்றில் ஒரு பங்கையாவது பிடித்து வைக்க முடியாத இடத்தில் நான் ஏற்ற விடுவதில்லை. கையில் பாக்கி இருந்தால்தான் லாரி உங்களைத் தேடி வரும். எல்லாப் பணமும் நிறுவனத்தின் கணக்குக்கே போகட்டும், ரொக்கம் வேண்டாம்.

இன்சூரன்ஸ் தனிக்கதை. என்னிடம் சாமான் மதிப்பில் 3 சதவீதம் என்று வாங்கினார்கள். பாலிசி எங்கே என்று கேட்டபோது பில்லில் "எஃப்.ஓ.வி." என்று எழுதியிருப்பதைக் காட்டினார்கள். அது நிறுவனம் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லி வாங்கும் தொகை; இன்சூரன்ஸ் அல்ல. உண்மையான டிரான்சிட் இன்சூரன்ஸ் என்றால் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் பெயரும், சான்றிதழ் எண்ணும், உங்கள் பெயரும், பொருள் மதிப்பும் இருக்கும் தாள் வர வேண்டும். லாரி நகரும் முன் அந்த எண்ணைக் காப்பீட்டு நிறுவனத்திலேயே கேட்டு உறுதி செய்யுங்கள். தாள் வராவிட்டால் அந்த 3 சதவீதத்தைக் கொடுக்காதீர்கள்.

7. பேக்கிங் நாள்

ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு பக்கம் எண், உங்கள் பெயர், போகும் ஊர். பார்ட் லோடில் சாமான் ஒரு குடோனில் இறங்கி வேறு லாரியில் ஏறும். அங்கே எண் இல்லாத பெட்டி அநாதை. ஒட்டும்போதே நோட்டில் "14: சமையல், மிக்சி" என்று எழுதிக்கொண்டே போங்கள். டிவியை இயக்கிக் காட்டி, சீரியல் எண் தெரிய ஒரு வீடியோ. மர பீரோவின் மூலைகளுக்கு ஒரு படம். ஏற்கெனவே இருந்த கீறல் என்று பிறகு சொல்ல முடியாது.

உங்கள் இருசக்கர வண்டியையும் அனுப்பினால் ஓடோமீட்டர், பெட்ரோல் முள், நான்கு பக்கமும் படம். ஆர்.சி. நகல் போதும், அசல் வேண்டாம். ஒரு சாவி மட்டும் கொடுங்கள். சின்னச் செய்திதான், ஆனால் இறக்கும்போது வண்டி அறுபது கிலோமீட்டர் ஓடியிருந்ததை ஒருவர் படத்தை வைத்துத்தான் நிரூபித்தார்.

பேக்கிங் ஆட்கள் வந்தபின் விலையை மறுபடி பேச மேஸ்திரி முயல்வார். "ஏஜென்ட்கிட்ட பேசுங்க அண்ணே, எழுத்துல இருக்கு" என்று காட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். வெற்றுத்தாளிலோ பாதி நிரப்பாத படிவத்திலோ கையெழுத்துப் போடாதீர்கள். இந்த ஒரு கையெழுத்தை வைத்து "கஸ்டமரே அதிகச் சாமான் என்று ஒப்புக்கொண்டார்" என்று பின்னால் எழுதிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

8. எல்.ஆர். வராமல் லாரி நகரக் கூடாது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இது அதுவாக இருக்கட்டும். எல்.ஆர். என்பது லாரி ரசீது. வடக்கே பில்டி என்பார்கள். 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி சரக்கை ஏற்கும் நிறுவனம் இதைக் கொடுத்தே ஆக வேண்டும். எத்தனை உருப்படி ஏற்கப்பட்டது என்பதற்கு இதுதான் முதல்நிலைச் சாட்சி. கொட்டேஷன் என்பது பேச்சு, எல்.ஆர். என்பது ஒப்படைப்பு. போலீசிலும் நுகர்வோர் ஆணையத்திலும் முதலில் கேட்பது இதைத்தான்.

அதில் பார்க்க வேண்டியவை: எல்.ஆர். எண்ணும் தேதியும், அனுப்புபவர், பெறுபவர், எங்கிருந்து எங்கே, லாரி எண், உருப்படி எண்ணிக்கை, அறிவித்த மதிப்பு, மொத்தக் கூலி, கொடுத்தது, பாக்கி, நிறுவனத்தின் முகவரி, ஜி.எஸ்.டி. எண், கையெழுத்து. "வண்டி நம்பர் அப்புறம் போட்டுக்கலாம் சார்" என்பார்கள். குடோன்வரை போகும் குட்டி யானையின் எண்ணையாவது போடச் சொல்லுங்கள். பெரிய லாரி மாறியதும் எண்ணை வாட்ஸ்அப்பில் வாங்குங்கள். அரசின் எம்-பரிவாகன் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் வண்டி வகையும் தகுதிச் சான்றின் நிலையும் தெரியும். நான் ஒருமுறை போட்டபோது லாரி எண் என்று கொடுத்தது ஒரு ஸ்கூட்டரின் எண்ணாக இருந்தது.

அறிவித்த மதிப்பில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். "பழைய சாமான், மதிப்பு 20,000" என்று அவர்களே எழுதிவிடுவார்கள். இழப்போ சேதமோ ஏற்பட்டால் நிறுவனத்தின் பொறுப்பு, கூடுதல் ரிஸ்க் கட்டணம் எதுவும் பேசாத நிலையில், கூலியைப் போல் பத்து மடங்கு வரைதான். அதுவும் நீங்கள் அறிவித்த மதிப்பைத் தாண்டாது. 26,000 கூலிக்கு 2,60,000 வரை கேட்க இடமிருக்க, 20,000 என்று எழுதவிட்டால் உங்கள் கோரிக்கை அங்கேயே நின்றுவிடும். உண்மையான மதிப்பை எழுதுங்கள். "ஓனர்ஸ் ரிஸ்க்" (இழப்பு சாமான்காரர் பொறுப்பு) என்று முத்திரை இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள். அந்த முத்திரையை மட்டும் காட்டி அவர்கள் முழுதாகத் தப்ப முடியாது என்றாலும், வாதாடும் வேலை உங்கள் தலையில் விழும்.

எல்.ஆர். இல்லை, புத்தகம் ஆபீசில் இருக்கிறது என்றால் லாரியும் வாசலிலேயே இருக்கட்டும். ஹவுஸ் ஓனரும் அக்கம்பக்கமும் பார்த்துக்கொண்டிருப்பார்கள், கூச்சமாக இருக்கும். எனக்கும் இருந்தது. அந்தக் கூச்சத்துக்கு நான் கொடுத்த விலைதான் ஒன்பது நாள்.

9. வழியில் நிறுத்திப் பணம் கேட்டால்: முதல் ஒரு மணி நேரம்

உடனே பணம் அனுப்பாதீர்கள், கத்தவும் வேண்டாம். முதல் தொகையைக் கொடுத்தவுடன் இரண்டாவது தொகை வரும். கத்தினால் போனை எடுக்க மாட்டார்கள், சாமான் எங்கே என்ற ஒரே தகவலும் போய்விடும்.

பேச்சை எழுத்துக்கு மாற்றுங்கள். போனில் அவர் சொன்னதை, வைத்தவுடன் அவருக்குப் புரியும் மொழியில் வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். பாதிக் கூலி கொடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டால், இந்த மாதிரி: "எல்.ஆர். (லாரி ரசீது) எண் இன்னது. 42 உருப்படிகளை இந்தத் தேதியில் உங்களிடம் ஒப்படைத்தேன். பேசிய கூலி 26,000; 13,000 கொடுத்தாயிற்று. பாக்கி 13,000 தயாராக இருக்கிறது, சாமானை இறக்கியதும் தருகிறேன். இன்று நீங்கள் கேட்ட கூடுதல் 19,000 ஒப்பந்தத்தில் இல்லை. சாமான் இப்போது இருக்கும் முகவரியையும் சேரும் தேதியையும் இன்று மாலை 6 மணிக்குள் தெரிவிக்கவும்."

பாக்கி தயார் என்று எழுதுவது முக்கியம். பேசிய கூலி வராவிட்டால் சரக்கைப் பிடித்து வைக்க அவர்களுக்கு ஒரு நியாயம் உண்டு. பேசாத தொகைக்கு அது கிடையாது. அந்த நியாயத்தை நீங்களே எழுத்தில் எடுத்துவிடுகிறீர்கள்.

அடுத்து லாரி டிரைவரிடமோ உரிமையாளரிடமோ நேராகப் பேசுங்கள். இதைப் பலர் செய்வதில்லை. ஏஜென்ட் லாரிக்காரருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் இழுப்பதுதான் பல தடவை உண்மைக் காரணம். என் விஷயத்தில் அதுதான் நடந்தது. லாரிக்காரரின் கோபம் என் மேல் இல்லை. பாக்கியை ஏஜென்ட்டுக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு, ரசீது வாங்கிக்கொண்டு நேராக லாரிக்காரரிடமே கொடுக்க முடிந்தால் பாதிச் சிக்கல் அவிழும்.

"நாளுக்கு 500 குடோன் வாடகை ஏறுது", "வித்துடுவோம்" என்றெல்லாம் மிரட்டுவார்கள். கெட்டுப்போகாத சரக்கு என்றால், வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று முறையான நோட்டீஸ் கொடுத்து 30 நாள் ஆகியும் பெறுபவர் எடுக்காதபோதுதான் அது கேட்பாரற்ற சரக்கு ஆகும். கேட்டுக்கொண்டே இருக்கிறவரின் சரக்கை அவர்கள் தொட முடியாது. நீங்கள் கேட்டதற்கு எழுத்து ஆதாரம் இருக்கட்டும், அவ்வளவுதான்.

அன்றே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். அது நீதிமன்றம் அல்ல, நிறுவனத்துக்குத் தகவல் அனுப்பிச் சமரசம் பேசும் அமைப்பு. கொஞ்சமாவது பெயருள்ள நிறுவனங்கள் இதற்கு அசையும். அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு மறைந்துவிட்டவர் என்றால் 1915 பயன்படாது. இணையப் பண மோசடிக்கான உதவி எண் 1930-க்கு உடனே அழையுங்கள். பணம் கணக்கை விட்டுப் போகும் முன் முடக்க வாய்ப்பு உண்டு, மணிக்கணக்கு முக்கியம்.

10. போலீசுக்குப் போகும்போது

"இது சிவில் கேஸ், கோர்ட்டுக்குப் போங்க" என்று திருப்பி அனுப்புவார்கள். பாதித் தவறு நம்முடையது. "அதிகக் கட்டணம் கேட்கிறார்கள்" என்று எழுதினால் அது கட்டணத் தகராறு, சிவில்தான். "நம்பி ஒப்படைத்த 42 உருப்படிகளைத் திருப்பித் தர மறுத்துப் பணம் கேட்டு மிரட்டுகிறார்கள், இருக்கும் இடத்தை மறைக்கிறார்கள்" என்று எழுதுங்கள். நடந்ததும் அதுதான். சரக்கு ஏற்றிச் செல்பவர் நம்பிக்கை மோசடி செய்தால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 316(3)-இன்படி ஏழு ஆண்டுவரை சிறை. 2024 ஜூலைக்கு முன் இது இ.பி.கோ. 407 ஆக இருந்தது.

எந்த ஸ்டேஷன் என்று அலையவிட்டால் ஜீரோ எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். குற்றம் எங்கே நடந்தாலும் எந்தக் காவல் நிலையமும் தகவலைப் பதிய வேண்டும் என்பது இப்போது சட்டத்திலேயே இருக்கிறது. நடைமுறையில், ஏற்றிய ஊரின் ஸ்டேஷனில் கொடுப்பது விரைவாக வேலை செய்கிறது, ஏனென்றால் ஏஜென்ட் அங்கேதான் இருப்பார். நீங்கள் ஊர் மாறிவிட்டால் இணையவழி கொடுத்துவிட்டு மூன்று நாளுக்குள் கையெழுத்துப் போடலாம். தமிழ்நாட்டில் எஃப்.ஐ.ஆர். போடாவிட்டாலும், புகாரைப் பெற்றதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் ஸ்டேஷனைவிட்டு வெளியே வராதீர்கள். அந்த ரசீதின் படம் வாட்ஸ்அப்பில் போன அரை மணியில் லாரி நகர்ந்த கதைகள் உண்டு. பதியவே மறுத்தால் புகாரை எழுத்தில் மாவட்டக் கண்காணிப்பாளருக்கோ, மாநகரமானால் ஆணையருக்கோ தபாலில் அனுப்பலாம். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு.

சரி, பணம் கொடுத்துத் தொலைப்பதா? சில நேரம் கொடுப்பதுதான் புத்தி. சாமான் நாலு லட்சம், கேட்பது ஆறாயிரம் என்றால் நான் கொடுத்துவிடுவேன். ஆனால் லாரி உங்கள் வாசலில் நின்று கதவு திறந்த பிறகுதான் கொடுக்க வேண்டும், நிறுவனக் கணக்குக்குத்தான் போக வேண்டும். "ஆட்சேபத்துடன், சாமானை மீட்பதற்காக மட்டும்" என்ற செய்தியை முதலில் அனுப்பிவிட்டுப் பிறகு பணம். நான் 2022-இல் அந்த வரியை எழுதவில்லை. "கஸ்டமர் சம்மதித்துக் கொடுத்தார்" என்று முடித்துவிட்டார்கள்.

11. இறக்கும்போது

"டிரைவர் கிளம்பணும், கையெழுத்து மட்டும் போட்டுடுங்க" என்பார்கள். முதலில் எண்ணுங்கள். நோட்டில் உள்ள எண்ணும் பெட்டியில் உள்ள எண்ணும் டிக் ஆக வேண்டும். கண்ணாடி, டிவி, மிக்சி பெட்டிகளை அவர்கள் முன்னாலேயே பிரியுங்கள். குறை இருந்தால் டெலிவரி தாளிலேயே எழுதி அதன் கீழே கையெழுத்து: "பெட்டி 14 வரவில்லை. டிவி திரை உடைந்துள்ளது." நல்ல நிலையில் பெற்றேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு மறுநாள் புகார் சொல்வதுதான் நான் பார்த்ததில் மிகப் பரவலான தவறு.

இன்சூரன்ஸ் உண்மையானது என்றால் அன்றே தகவல் சொல்லுங்கள். சர்வேயர் வந்து பார்க்கும்வரை உடைந்ததைத் தூக்கிப் போடாதீர்கள்.

இறக்கும் இடத்தில் உள்ளூர்த் தொல்லை தனி. புனே, மும்பைப் பக்கம் மாத்தாடி (சுமை தூக்கும்) தொழிலாளர் சங்கம் என்று சொல்லிக்கொண்டு சிலர் வந்து நிற்பார்கள்; உண்மையான சங்கமும் உண்டு, அந்தப் பெயரில் வசூல் செய்பவர்களும் உண்டு. கேரளாவில் வேலை செய்யாமல் நின்று பார்ப்பதற்கே கேட்ட நோக்குகூலியை 2018 மே 1 முதல் அரசு தடை செய்துவிட்டது. "இறக்கு கூலி எங்கள் பொறுப்பு" என்ற வரி கொட்டேஷனில் இருந்தால் அந்தப் பேச்சை லாரிக்காரரே பேசட்டும்.

12. நோட்டீஸ், பிறகு நுகர்வோர் ஆணையம்

சாமான் காணாமல் போனதற்கோ சேதத்துக்கோ வழக்குப் போடும் முன் நிறுவனத்துக்கு எழுத்தில் நோட்டீஸ் போயிருக்க வேண்டும். அதற்குக் கெடு, சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாள். சாமான் வந்த நாளிலிருந்து அல்ல, கவனியுங்கள். "பார்த்துத் தர்றோம் சார்" என்று ஆறு மாதம் இழுப்பதில் உள்ள கணக்கு இதுதான். நான் இதைக் கேள்விப்பட்டது எட்டாவது மாதம்.

வக்கீல் வைத்துத்தான் அனுப்ப வேண்டும் என்றில்லை. எல்.ஆர். எண், தேதி, என்ன குறை, எவ்வளவு தொகை, எத்தனை நாளில் தர வேண்டும் என்று ஒரு பக்கம் போதும். எல்.ஆரில் உள்ள முகவரிக்கும் ஜி.எஸ்.டி. தளத்தில் உள்ள முகவரிக்கும் ஸ்பீடு போஸ்டில் ஒப்புகை கேட்டு அனுப்பி, அதையே மின்னஞ்சலிலும் போடுங்கள். "கதவு பூட்டியிருந்தது" என்று திரும்பி வந்தால் உறையைப் பிரிக்காமல் வைத்திருங்கள்.

பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தரும் பெரிய வசதி, நீங்கள் இப்போது குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். சாமான் ஏற்றிய ஊருக்கு ஓட வேண்டாம். கெடு இரண்டு ஆண்டு. சேவைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம்வரை என்றால் கட்டணம் கிடையாது. இணையவழியிலும் பதியலாம், நீங்களே வாதாடலாம்.

கேட்கும் தொகையைத் தனித்தனியாகப் பிரித்து எழுதுங்கள்: கூடுதலாக வாங்கியது, காணாமல் போனதன் மதிப்பு, பழுது பார்த்த பில், சாமான் வராத நாள்களில் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் ஆன செலவு, மன உளைச்சல், வழக்குச் செலவு. பில் உள்ளவற்றை முதலில் வையுங்கள். "சுமார் ஒரு லட்சம்" என்று மொத்தமாகக் கேட்டால் எதை எதற்காகத் தருவது என்று ஆணையத்துக்கே தெரியாது.

நோட்டீஸ் போனபின் ஏஜென்ட் தானே அழைத்துச் சமரசம் பேசக்கூடும். பேசுங்கள், தவறில்லை. "கேஸை வாபஸ் வாங்குங்க, சாயங்காலம் அக்கவுன்ட்ல போட்டுடறேன்" என்றால் மட்டும் வரிசையை மாற்றச் சொல்லுங்கள். பணம் கணக்கில் ஏறி, சமரசம் எழுத்தில் ஆணையத்தின் முன் பதிவான பிறகுதான் வாபஸ். அதுவரை எல்.ஆர். அசல் உங்கள் பீரோவில் இருக்கட்டும்; அவரிடம் காட்ட நகல் போதும்.